இறக்கை தேடிய படலம்

சென்ற தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், நான் ஆகாய விமானம் செய்யப் போகிறேன்" என்றான். நான் திடுக்கிடவில்லை. இருபது வருஷம் உபாத்தியாயராக இருந்தவனுக்குத் திடுக்கிடும் சக்தியே போய்விடுகிறது. "பேஷாகச் செய். என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "இறக்கைக்குச் சாமான் வேண்டும், சார். லேசாகவும் இருக்க வேண்டும், ஒடியவும் கூடாது" என்றான்.

நேயர்களே! இந்த ஒரு வாக்கியத்தில் விமான சாஸ்திரத்தில் பாதி அடங்கிவிடுகிறது. லேசானது ஒடிகிறது, ஒடியாதது கனக்கிறது. 1903-இல் ரைட் சகோதரர்கள் ஸ்ப்ரூஸ் மரச் சட்டத்தின்மேல் மஸ்லின் துணியைப் போர்த்திச் சமாளித்தார்கள். சிறு விமானம் செய்கிறவர்கள் வெகு காலமாக நாடி வந்தது, ஈக்வடார் தேசத்தில் விளையும் பால்ஸா மரம். கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோதான். நமது தேக்கு அதைப் போல் நாலு மடங்கு. ஆனால் அந்த மரத்தை வரவழைக்கிற செலவு பையனுடைய தகப்பனாருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நுரைப் பொருளைத் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் காகிதக் கடைக்குப் போனோம். வழவழவென்று ஒரு வெள்ளைப் பலகையை எடுத்து, 'சன்போர்டு' என்று கொடுத்தார்கள். பார்வைக்கு வெகு லக்ஷணம். 3 மில்லிமீட்டர் தடிமன். ஒரு மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டி நிறுத்தால் 300 கிராம்! அது பி.வி.ஸி. நுரை, கடைகளின் பெயர்ப் பலகைக்கு ஏற்றது. சும்மா தொங்கிக் கொண்டிருக்க வேண்டிய வஸ்துவைப் பறக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

பிறகு பையன் தானாகவே எங்கிருந்தோ தெர்மாகோல் கொண்டு வந்தான். ஒரு வாரம் உப்புக் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு பாதி இறக்கைகளைச் செய்து முடித்தான். ஒட்டுவதற்கு எந்தப் பசை நல்லது என்று கேட்டான். நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். சற்றும் யோசியாமல், செருப்புத் தைக்கிறவர்கள் தோலுக்குப் பூசும் மஞ்சள் பசையைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவன் கொண்டு வந்து காட்டியது இறக்கை அல்ல; கறையான் அரித்த பலகை. அந்தப் பசையிலுள்ள திராவகம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அதே கதிதான். பையன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடன் பட்டவன் தீர்க்க வேண்டாமா? அன்று மாலையிலிருந்து நானும் தேட ஆரம்பித்தேன்.

நமது ஊர்களில் அகப்படும் பாலிஸ்டைரின் நுரை இரண்டு தினுசு. மணி மணியாகத் தெரிவது தெர்மாகோல். மணியே தெரியாமல், நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ கெட்டியாக இருப்பது இன்னொன்று. வெயில் இறங்காமலிருக்க மொட்டை மாடித் தளத்தில் பதிக்கிறார்கள். வீடு கட்டுகிற இடத்தில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகள் சில சமயம் கிடைக்கும். எதுவானாலும் பத்து சென்டிமீட்டர் கனசதுரமாக ஒரு துண்டு வெட்டி, தட்டார் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமோ, கன மீட்டருக்கு அத்தனை கிலோ. தெர்மாகோல் 15-இலிருந்து 20 வரை வரும். கெட்டி நுரை 30-க்கு மேல் போகும். எங்கள் இறக்கையின் கன அளவு ஏறக்குறைய மூன்றேகால் லிட்டர். தெர்மாகோலில் செய்தால் 50 அல்லது 60 கிராம். கெட்டி நுரையில் 100 கிராமுக்கு மேல்.

தெர்மாகோலிலும் தரம் உண்டு. ஒரு துண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். மணிகள் முழுசு முழுசாக உதிர்ந்தால் அது உதவாது. மணிகளே நடுவில் கிழிந்தால், அவை நன்றாய் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் பெட்டிகள் இந்தப் பரீட்சையில் தேறின. ஆனால் வாசனையோடு சேர்த்து அவற்றை வீட்டுக்குள் கொண்டு வரும் தைரியம் எனக்கு இல்லை. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் உபயோகிப்பதை 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து சர்க்கார் தடுத்துவிட்டதால் கடைகளிலும் முன் போல் அகப்படவில்லை. தடுத்தது நியாயமே, மண்ணில் மக்காத பொருள் அது. கடைசியில் எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பரணில்! குளிர்ப்பெட்டி வாங்கியபோது அடியில் வைத்து வந்த கனத்த தட்டை, வீடு மாற்றினால் உதவும் என்று பத்திரப்படுத்தியிருந்தோம். அதைப் பையனுக்குத் தானம் செய்ய என் மனைவி காட்டிய உற்சாகம், எனக்குக் கொஞ்சம் சந்தேகத்தைக்கூட உண்டாக்கிற்று.

இந்தத் தடவை தேய்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி பழுது பார்ப்பவரிடம் நிக்ரோம் கம்பி வாங்கி, மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டி, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் இணைத்தோம். (வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது உயிருக்கு ஆபத்து, குழந்தைகளிடம் கண்டிப்பாய்ச் சொல்லி வையுங்கள். புகையும் நல்லதல்ல, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.) கம்பி சிவக்கக் கூடாது, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கினால் போதும். கட்டையின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்கு வடிவத்தில் சன்மைக்காத் தகடு வெட்டிப் பொருத்தி, அவற்றில் ஒன்று முதல் பத்து வரை கோடு கிழித்தோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. "ஒன்று... இரண்டு..." என்று இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டே கம்பியை நகர்த்த வேண்டும். ஒருவர் முந்தினால் கம்பி கோணிவிடும். ஆறில் நான் அவசரப்பட்டேன். "சார், பொறுங்கள்" என்றான் பையன். பொறுத்தேன்.

இரண்டு பாதிகளுக்கும் குறுக்கே மெல்லிய மூங்கில் சிம்பு ஒன்றைப் பதித்து, தச்சர்களுடைய வெள்ளைப் பசையால் ஒட்டினோம். உள்ளே காற்றுப் புகாததால் அது காய இரண்டு நாள் ஆயிற்று. அதே பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பழுப்புக் காகிதத்தை மேலெல்லாம் போர்த்தினோம். பத்துக் கிராமோ இருபது கிராமோ கூடிற்று. ஆனால் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்த இறக்கை, இப்போது முரசு மாதிரி ஒலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். முதல் வீச்சில் மூக்கை நிமிர்த்தி, ஒரு கணம் நின்று, வாலைக் கீழே போட்டுக் கொண்டு விழுந்தது. பையன் அதை விரல் நுனிகளில் தாங்கிப் பார்த்தான். முன் விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் சமனாக நிற்கும் வரையில் மூக்கில் களிமண்ணை அப்பினான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வீசினான். அது தலைக்கு மேல் உயரத்தில் நேராகச் சென்று, கொடிக்கம்பத்தைத் தாண்டி, வேப்பமரத்து நிழலில் போய் மெதுவாக உட்கார்ந்தது. எடுத்து வர நான்தான் ஓடினேன்.