குளிர் வேண்டும், தீ வேண்டாம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கதிர்காம யாத்திரையைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். இரண்டு மூன்று குடும்பத்தினர் ஒன்றுசேர்ந்து ஒரு வானை வாடகைக்கு அமர்த்துவர். பாட்டி முதல் கைக்குழந்தை ஈறாக அனைவரும் அதில் ஏறுவர். அரிசி, பருப்பு, பாய், பாத்திரம் ஆகியவற்றோடு இக்காலத்தில் சிலர் சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றையும் ஏற்றிக்கொள்கின்றனர். குழந்தையின் பால் கெடலாகாது. பாட்டியின் இன்சுலின் வீணாகலாகாது. நோக்கம் நல்லதே. ஆயினும், அப்பெட்டி எதனால் இயங்குகிறது, ஓடும் வண்டியில் அதனை இயக்கலாமா என்று ஆராய்ந்து பார்ப்போர் மிகச் சிலரே.

மேனாட்டார் மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துச் செல்வர். ‘காரவன்’ எனப்படும் அவ்வீட்டில் உள்ள குளிர்சாதனப் பெட்டிகளிற் பல மூன்று வகையாக இயங்கவல்லவை: வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ற்று மின்சாரம், எரிவாயுச் சுடர். தீயினால் குளிரா என்று வியக்க வேண்டாம். சுவீடன் நாட்டு மாணவர்களான பிளாற்றன், முன்டேர்ஸ் என்னும் இருவர் 1922 இல் இதற்கு வழி கண்டனர். நீரில் கரைந்திருக்கும் அமோனியாவைச் சுடர் ஆவியாக்குகிறது. அந்த ஆவி குளிர்ந்து திரவமாகி, ஐதரசன் வாயுவின் நடுவே மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. மின்சாரம் எட்டாத இடங்களில் ஒரு காலத்தில் உதவிய மண்ணெண்ணெய்ப் பெட்டிகளும் இம்முறையில் அமைந்தவையே.

இப்பெட்டியைச் சுடரினால் இயக்கியபடி பயணஞ் செய்யலாமா? செய்வோர் மேனாடுகளில் உண்டு. ஆனால் அங்கே பெட்டியின் பின்புறம் வண்டியின் உட்புறத்தோடு தொடர்பின்றி அடைக்கப்பட்டிருக்கும். சுடருக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து வரும். புகை வெளியே போகும். வாடகை வானில் ஆசனத்துக்குப் பின்னால் வைத்த பெட்டிக்கு இந்த ஏற்பாடு ஏது? அதன் சுடர், பயணிகள் சுவாசிக்கும் காற்றையே உண்ணும். காற்றுப் போதாவிடின் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குழந்தைகள் உறங்கும் வண்டியில் அது எமனாக முடியும்.

எரிவாயுவின் இயல்பையும் மறத்தல் கூடாது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் வண்டியின் தரையிலே தேங்கி நிற்கும். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் சாதனம் புதிய பெட்டிகளில் உண்டென்பது மெய்யே. எனினும், விபத்தொன்றில் குழாய் அறுந்தால் அச்சாதனத்தால் பயனில்லை. பெற்றோல் நிரப்பும் இடத்திலோ, ஒரு சிறு சுடரே பேரழிவுக்குப் போதும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டு வீடுகளில் அடுத்தடுத்து நேர்ந்த எரிவாயு வெடிப்புகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நிலையான வீட்டிலேயே அத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், வளைவுதோறும் குலுங்கிச் செல்லும் வண்டியில் எத்துணை வேண்டும்! சமையலுக்கென்று சிலிண்டர் கொண்டுபோவோர், அதனை நிமிர்த்திக் கட்டி, வாயை மூடி, குழாயைக் கழற்றி வைத்த பின்னரே வண்டியைப் புறப்படவிடல் வேண்டும்.

ஊவா மலைப்பாதைக்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. அமோனியாப் பெட்டியில் திரவத்தைச் செலுத்தும் பம்பு கிடையாது. அது தன் பாரத்தினாலேயே இறங்கி ஓடுவதாகும். ஆகவே பெட்டி மட்டமாக நிற்றல் இன்றியமையாதது. ஓடும் வண்டி இப்புறமும் அப்புறமும் சாய்வதால் திரவம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. சரிவில் நிறுத்திய வண்டியிலோ அது ஒரு புறமாகத் தேங்கிவிடும். அந்நிலையில் பெட்டியை இயக்கினால் கொதிகலன் அளவுக்குமேல் சூடேறிக் குழாய் பழுதாகும். எல்லவிலும் அப்புத்தளையிலும் சாலையோரத்தில் மட்டமான இடம் கிடைப்பது எளிதன்று. பெட்டியின் மீது ஒரு கிண்ணத்தில் நீர் வைத்துப் பார்த்தாற் சரிவு புலப்படும். பின்புறக் குழாய்களில் மஞ்சள் நிறக் கறை காணப்பட்டாலோ, மூக்கை அரிக்கும் அமோனியா நெடி எழுந்தாலோ, பெட்டியை உடனே நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்.

மின்சாரத்தில் இயங்கும் பெட்டியில் தீயின் அச்சம் குறைவு. எனினும் அதற்கும் ஒழுங்கு உண்டு. இக்காலத்துச் சிறிய கொம்பிரசர் பெட்டி நான்கைந்து அம்பியர் மின்னோட்டமே கொள்ளும். அமோனியாப் பெட்டியை 12 வோல்ற்றில் இயக்கினால் பத்து அம்பியருக்கு மேலும் செல்லும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாமி தரிசனத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் பற்றரி வெறுமையாகிவிடக்கூடும். பிறகு குளிரும் இல்லை, வண்டியும் கிளம்பாது. ஆதலால் எஞ்சின் நின்றதும் பெட்டியும் நிற்கும்படி அமைத்துக்கொள்ளல் நன்று. தடித்த கம்பியும் தகுந்த பியூசும் இன்றி இணைப்புக் கொடுத்தல் தீயை விலைக்கு வாங்குவதாகும்.

இவ்வளவையும் சிந்தித்தால் ஓர் உண்மை தெளிவாகும். குளிரை உண்டாக்குதல் ஒன்று. உண்டான குளிரைக் காத்தல் வேறொன்று. உண்டாக்குவதற்கே தீயும் மின்சாரமும் வேண்டும். காப்பதற்கு நல்ல மூடியும் தடித்த சுவரும் போதும். பதுளையிலிருந்து கதிர்காமம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ஒரு நாட் பயணத்துக்குக் குளிரைக் காத்தலே போதுமானது.

இதற்குச் சான்று நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. நம் நாட்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது. தடுப்பூசி மருந்துகளை 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையிலேயே வைத்திருக்க வேண்டும். கிளினிக் நடைபெறும் இடத்துக்கு அவை எவ்வாறு வருகின்றன? தீயுமில்லை, மின்சாரமுமில்லை, குளிர்ப் பொதிகள் அடுக்கிய ஒரு சிறு பெட்டியில் வருகின்றன. உறைந்த பொதிகளை உடனே வைத்தால் மருந்து உறைந்து கெடும். ஆதலால், கையிலெடுத்து அசைக்கும்போது உள்ளே நீர் சலசலக்கும் வரை பொதிகளை வெளியே வைத்திருந்து, அதன்பின் பெட்டியில் வைப்பர். எத்தனை எளிய அறிவு! மட்டக்களப்பு மீன் பனிக்கட்டியோடு மலையேறி வருவதும் இதே முறையில்தான்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது கவரும் வெப்பம், அதே அளவு குளிர்நீரை 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. அத்துணை ஆற்றல் அதனுள் அடங்கியிருக்கிறது. எனவே இல்லத்தரசிகள் முதல் நாளிரவே நீர்ப் போத்தல்களை, விரிவதற்கு இடம் விட்டு, உறையவைக்கலாம். பாலையும் தயிரையும் வீட்டிலேயே நன்கு குளிரவைத்து, போத்தல்களோடு ரெஜிபோம் பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, துணியால் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். குடிநீரை வேறு பெட்டியில் வைத்தால் இதனை அடிக்கடி திறக்க நேராது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. ஆகவே கணக்கிட்ட நேரத்தைப்போல் இரு மடங்குக்கு ஏற்பாடு செய்தல் தகும்.

இன்சுலினைப் பனிக்கட்டியின் மேல் நேரே வைத்தலாகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது. பயன்பாட்டில் உள்ள இன்சுலினிற் பெரும்பாலான வகைகள் 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாதிருக்கும். மேலுறையைப் படித்தும் வைத்தியரைக் கேட்டும் தெளிந்துகொள்க. பாலோ அவ்வாறன்று. எல்லவின் குளிரில் தாங்கும் பால் வெல்லவாயின் வெக்கையில் தாங்காது. 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரம் வெளியே இருந்த பாலைக் குழந்தைக்குக் கொடாதிருப்பதே நலம். கொட்டிவிட மனம் வராதுதான். ஆயினும் பாலின் விலையைவிடக் குழந்தையின் வயிறு பெரிதன்றோ?

பல நாள் தங்கும் பயணமாயின், தங்குமிடத்தில் மின்சாரம் இருக்கும். அங்கே பெட்டியை இணைத்துப் போத்தல்களை மீண்டும் உறையவைக்கலாம். ஓடும் வண்டியிலோ சுடர் அணைந்தே இருக்கட்டும். சாரதி வண்டியைக் கிளப்புமுன், சிலிண்டரின் வாய் மூடியிருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் தம் கையால் தொட்டுப் பார்ப்பாராக. அதற்கு அரை நிமிடம் செல்லும். அதன்பின் ‘அரோகரா’ என்று புறப்படலாம்.