பேசின் துளையும் எங்கள் கிணறும்



1990 ஒக்டோபரில் விட்டுச்செல்ல நேர்ந்த சோனகத்தெரு வளவுகளில் வீடுகளை மீளக் கட்டி வருகிறோம். வோஷ் பேசின் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். விளிம்புக்குக் கீழேயுள்ள ஓவர்ஃப்ளோ துளையை யாரும் கவனிப்பதில்லை.

அந்தத் துளை எவ்வளவு அகலம் என்பதல்ல, எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பதே கணக்கு. ஐரோப்பிய நியமத்தில் அதற்கு மூன்று தரங்கள்: நிமிடத்துக்கு 9, 12, 15 லீற்றர். பைப்பில் அதைவிடக் கூடுதலாக நீர் வந்தால் பேசின் வழியத்தான் செய்யும். துளையால் போகும் நீரும் அதே கழிவுக் குழாயில்தான் சேர்கிறது. அது அடைபட்டால் துளை இருந்தும் பயனில்லை.

ஆகவே பிளம்பருக்குக் கூலி கொடுக்கும் முன், பேசினை அடைத்துவிட்டு பைப்பை முழுதாகத் திறந்து பார்ப்போம். நீர் வழிந்தால், பேசினுக்கு அடியிலுள்ள வால்வைக் கொஞ்சம் மூடச் சொல்வோம். செலவில்லாத வேலை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் வுழூ செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அது ஏறத்தாழ முக்கால் லீற்றர். நிமிடத்துக்கு 9 லீற்றர் ஓடும் பைப்பில், ஒரு நிமிட நீர் 12 பேரின் வுழூவுக்குப் போதும்!

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு. அளவுமீறி இறைத்தால் உவர் ஏறும். வால்வைக் குறைப்போம், பிள்ளைகளுக்கும் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.