கறுப்பரின் இசையும் எமது காதுகளும்

பாடசாலை மண்டபத்தில் பியானோவும் கோர்னெற்றும் வைத்து ராக்டைமும் ஆரம்பகால ஜாஸும் நேரில் வாசித்துக் காட்டுகிறார்கள். "உந்தக் கறுவலின்ரை கூத்தைக் கேக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புறம்?" என்கிறோம் நாம். இதைக் கலாசாரம் காப்பதென்கிறோம்; நிறவெறி என்பதே சரியான சொல்.

இசைத்தட்டு போதாதா என்பவர்களும் இருக்கிறார்கள். நியூ ஓர்லியன்ஸில் இந்த இசைக்கு வழிதிறந்தவர்களில் ஒருவரான பட்டி போல்டன் 1907இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று இல்லை. 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டோ வெள்ளையர் குழுவொன்றினுடையது. தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஊசி துள்ளிவிடுமென்று பெரிய மேளத்தை ஒதுக்கினார்கள். இதைக் கேட்டா பிள்ளை வரலாறு படிப்பது?

ஸ்கொட் ஜொப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' (1899) நேரில் வாசிக்கப்படும்போது பாருங்கள். இடதுகை அணிநடைபோலத் தவறாமல் போகிறது. வலதுகை அதற்கு முன்னும் பின்னுமாய் நழுவுகிறது. எந்தக் கைக்குக் கால் தட்டுவதென்று பிள்ளை தடுமாறுகிற அந்தக் கணம்தான் பாடம். மிருதங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது விரைவிலேயே பிடிபடவும் கூடும்.

ஜொப்ளின் 1917இல் நியூயோர்க்கில் இறந்தார். 1974வரை அவரது புதைகுழிக்கு ஒரு கல்லும் இல்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்க ஆயிரமாயிரமாய்ச் செலவழிக்கும் நாம், இந்த நிகழ்ச்சிக்கு ஐந்து டொலர் கேட்டுவரும் கடிதத்தில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்புகிறோம்.