அங்கே என்ன உண்பீர்கள்?



சிகிச்சைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்பவர்கள், புறப்படும் முன் பங்கு இல்லத்திற்கு வந்து சொல்லிவிட்டுப் போவது நம் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் இன்றும் மாறாத வழக்கம். நாமும் செபித்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, இயன்றால் வழிச்செலவுக்கும் ஏதேனும் தந்து அனுப்புகிறோம். இவ்வளவும் செய்தபின் நம் கடமை முடிந்தது என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். முடியவில்லை என்பதைச் சென்ற ஆண்டு ஒரு தாய் எனக்குக் கற்பித்தார்.

அவருடைய கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். சிறுநீரகக் கோளாறு என்று சென்னையிலுள்ள ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பதினொரு நாள் அங்கே தங்கி, நலமடைந்து திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து என்னைக் காண வந்தபோது, நோயாளி தேறியிருந்தார். உடன் சென்ற மனைவிதான் நோயாளியைப் போல் இருந்தார்.

"ஏனம்மா இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கணவர்தான் பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதைப் பாருங்கள் சாமி" என்றார். பதினொரு நாள் செலவுக் கணக்கு அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அவருக்கு இளநீர், அவருக்கு ஆப்பிள், ஆட்டோ, வெளியில் வாங்கிய மருந்து என்று ஒவ்வொன்றும் இருந்தது. தமக்கென்று அந்த அம்மா எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: டீ, பன். சில நாள்களில் பன்னும் இல்லை. எட்டாம் நாள் காலை, வார்டுக்கு வெளியே மயங்கி விழுந்திருக்கிறார்.

"வெளியே ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக்குக் கேட்ட விலை அவருடைய ஒரு வேளை மாத்திரைக்கு ஆகும் சாமி. எனக்கு என்ன, ஒறுத்தல் செய்வதாக நினைத்துக் கொண்டேன்" என்றார் அந்தத் தாய்.

மருத்துவமனை வளாகத்திலேயே மலிவு விலை உணவகம் ஒன்று இருந்ததே, அங்கே போகக் கூடாதா என்று கேட்டேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பாதவள் நான். அங்கே போய்த் தட்டேந்தி வரிசையில் நிற்க மனம் வரவில்லை" என்றார். மயங்கி விழுந்த அன்று, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த விழுப்புரத்துப் பெண் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றபின்தான் அவர் அங்கே உண்டிருக்கிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதம் கொடுத்தேன், ஆசீர் கொடுத்தேன், "அங்கே என்ன உண்பீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு உணவு உண்டு. உடன் இருப்பவர் தம் பசிக்குத் தாமே வழி தேட வேண்டும். இது தெரிந்திருந்தும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் சென்னைப் பசி நான் அறியாததன்று. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் பயின்ற நாளில், ஒரு விடுமுறை நாளன்று நண்பர் ஒருவருடன் நகருக்குள் சென்று, ஓர் ஓட்டலில் அமர்ந்து, விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்து எழுந்து வந்தவன் நான்.

அந்த அம்மா நிற்கக் கூசிய வரிசையைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரி 19 அன்று மலிவு விலை உணவகங்களைத் தொடங்கியது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அதனைத் தொடங்கி வைத்த இடம், புனித தோமையாரின் பெயர் தாங்கிய சாந்தோம். பின்னர் அவை அம்மா உணவகம் என்று பெயர் பெற்றன. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்பன அங்கே வைக்கப்பட்ட விலைகள். மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்துப் பரிமாறுகின்றனர். முதலில் பணம் கொடுத்து டோக்கன் பெற வேண்டும், பிறகு தட்டு. அதே 2013-இல் நம் சேலம் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளுக்கும், பின்னர் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும் இத்திட்டம் விரிந்தது. 2020-இல் ஊரடங்கின்போது ஓட்டல்கள் மூடிக் கிடக்க, இவ்வடுப்புகள் அணையவில்லை. ஆட்சி மாறிய பின்னும் இத்திட்டம் கைவிடப்படவில்லை. 2024 ஜூலையில் இவற்றைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெங்களூரில் 2017 ஆகஸ்டில் இந்திரா உணவகங்கள் தொடங்கியபோது காலை உணவு ஐந்து ரூபாய், மதிய உணவு பத்து ரூபாய் என்று வைத்தார்கள்.

கட்டுபடியாகும் விலையன்று இது. குறையும் தொகையை மாநகராட்சியும் அரசும் ஏற்கின்றன. அது யாருடைய பணம்? நாம் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டும் வரிப்பணம். ஆகவே அங்கே உண்பவர் எவரும் பிச்சை பெறவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுவது ஊரின் பொறுப்பு என்பது நம் நாட்டின் பழைய அறம். வழிப்போக்கருக்காகச் சத்திரம் கட்டியவர்கள் நம் முன்னோர். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் அந்த அறத்தின் சாட்சி. வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது.

மானம் கருதிப் பசித்திருப்பது நம் மக்களிடம் மட்டும் உள்ள குணம் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அரசு மலிவு உணவுச் சாலைகளைத் திறந்தது. பொது உணவளிப்பு நிலையம் என்னும் பொருள்படும் பெயர் ஒன்றை முதலில் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஏழை விடுதியின் வாடை வீசுவதாகக் கருதிய பிரதமர் சர்ச்சில், பிரிட்டிஷ் உணவகம் என்று மாற்றச் சொன்னார். போருக்கிடையே அத்தகையவை இரண்டாயிரத்துக்கும் மேல் இயங்கின. எழுத்தரும் தொழிலாளியும் அங்கே ஒரே மேசையில் உண்டார்கள்.

ஒறுத்தல் பற்றியும் ஒரு சொல். நோன்பு என்பது வேறு. காசு மிச்சமாகும் என்று துணையிருப்பவர் பட்டினி கிடப்பது வேறு. பாலைநிலத்தில் சோர்ந்து, சாகவே விரும்பிப் படுத்த எலியாவை வானதூதர் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, பயணம் நெடியது என்று சொல்லி, இருமுறை எழுப்பி உண்ண வைத்தார். நோயாளிக்குத் துணையிருப்பதும் நெடும்பயணமே. துணை வந்தவர் விழுந்துவிட்டால், இரண்டு நோயாளிகளை யார் பார்ப்பது?

ஆகவே இனிப் புறப்படுவோர் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு கொண்டு செல்லுங்கள். புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு நாள் தாங்கும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் இவை ஒரு வாரம் தாங்கும். தட்டு, தம்ளர், தண்ணீர்ப் புட்டி மறவாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் மலிவு உணவகம் எங்கே, எந்நேரம் திறக்கும் என்று காவலாளியிடமோ துப்புரவுப் பணியாளரிடமோ கேளுங்கள். காலையும் மதியமும் நேரம் தவறினால் உணவு தீர்ந்துவிடும். வெளியில் உண்ண நேர்ந்தால் நிலையத்து வாசலையும் பெருஞ்சாலையையும் விட்டு ஒரு தெரு உள்ளே செல்லுங்கள். திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் மாணவர்களும் கூலி வேலை செய்வோரும் உண்ணும் மெஸ்கள் உண்டு. குளிரூட்டிய அறையில் அதே தோசைக்கு வேறு விலை. அமரும் முன் கேட்டுக்கொள்வதில் இழுக்கு இல்லை. இரு வேளை பன்னும் டீயும் உண்பதைவிட மதியம் ஒரு வேளை வயிறார உண்பது மேல். செலவு நோட்டில் உங்கள் சாப்பாட்டையும் மருந்தைப் போலவே முதலில் எழுதுங்கள்.

மற்றொன்று. நமக்குச் சென்னை பெரிய பட்டணம். ஏற்காட்டு மலையிலிருந்தும் தருமபுரிச் சிற்றூர்களிலிருந்தும் வருபவர்களுக்கோ நம் சேலமே விலை மிகுந்த பட்டணம். மலையிலிருந்து இறங்கும் பேருந்து நம் அஸ்தம்பட்டி வழியாகத்தான் வருகிறது. மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இன்றும் எத்தனையோ தாய்மார் டீயும் பன்னுமாகக் காத்திருக்கக்கூடும். அவர்களை நாம் கேட்டோமா?

அந்த அம்மா இப்போது ஒரு நல்ல காரியம் செய்கிறார். நம் பங்கிலிருந்து எவரேனும் சிகிச்சைக்குப் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், முதல் நாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறார். வரிசை எங்கே இருக்கும், டோக்கன் எப்படி வாங்குவது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "நானும் அங்கே நின்று சாப்பிட்டவள்தான்" என்று முடிக்கிறாராம். நான் எழுதித் தரும் கடிதத்தைவிட அந்தச் சொல் அதிகம் பயன்படுகிறது.

நானும் மாறியிருக்கிறேன். ஆசீர் பெற வருபவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "அங்கே என்ன உண்பீர்கள்?" என்பதுதான். தலையில் கைவைப்பது அதற்குப் பிறகு.