ஃபூக்கோவும் பாவசங்கீர்த்தனமும்

பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோவைத் 'திருச்சபையின் பகைவர்' என முத்திரை குத்தி ஒதுக்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை. இறுதி ஆண்டுகளில் அவர் பாரீசிலுள்ள தோமினிக்கன் சபைத் துறவியரின் சொல்ஷுவார் நூலகத்தில் அமர்ந்து திருச்சபைத் தந்தையரைப் பயின்றவர். (குற்றம் சாட்டுவோரில் எத்தனை பேர் காசியனின் ஏட்டைப் புரட்டியிருப்பர்?) அவ்வுழைப்பின் கனியான 'பாலியலின் வரலாறு' நான்காம் தொகுதி, 1984-இல் அவர் மறைந்து 34 ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது.

இன்று இயல்பெனத் தோன்றும் வழக்கம் எப்போது, எவருடைய அதிகாரத்தோடு, எத்தகைய அறிவை ஈட்டியபடி உருவாயிற்று? இதுவே அவருடைய கால்வழி ஆய்வின் கேள்வி. தன்னைப் பற்றிய உண்மையைப் பிறரிடம் அறிக்கையிடும் பழக்கம் மேலைநாட்டு மனிதனை எவ்வாறு உருவாக்கிற்று என அவர் தேடினார். வரலாறும் அத்தேடலுக்கு இடந்தருகிறது. தொடக்கத் திருச்சபையில் பெரும்பாவங்களுக்கான தவம், திருமுழுக்குக்குப் பின் வாழ்வில் ஒரே முறை, சபையறிய நிகழ்ந்தது. அடிக்கடி தனியே அறிக்கையிடும் முறையை அயர்லாந்துத் துறவியர் பரப்பினர். 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதனை ஆண்டுக் கடமையாக்கிற்று. நாமறிந்த மரக்கூண்டோ 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ வகுத்துப் பரப்பியது.

இவற்றைச் சொன்னால் அருளடையாளம் சிறுமையுறும் என்கின்றனர். எங்ஙனம்? வடிவம் மாறியதால் மன்னிப்பு பொய்யாகிவிடாது. எல்லாம் வெறும் அதிகாரமே என்று ஃபூக்கோவின் பெயரால் முழங்குவோர்க்கும் இதுவே நம் மறுமொழி. ஆயினும் ஒருவர் உள்ளத்தைத் திறக்க, மற்றவர் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இடத்தில் அதிகாரம் உண்டு. அது தவறாகப் பயன்பட்டதும் உண்டு. அதனாலன்றோ பாவசங்கீர்த்தனத்தின்போது பாலியல் பாவத்துக்குத் தூண்டும் குருவைத் திருச்சபைச் சட்டமே தனிக் குற்றமாகக் குறித்துத் தண்டிக்கிறது? சட்டம் ஒப்புக்கொண்டதைப் பொதுநிலையினர் ஆராயலாகாது என்பது என்ன நியாயம்?