பீரோவில் தூங்கும் கிரெடிட் கார்டு

நம் வீட்டு பீரோவைத் திறந்தால் என்னென்னவோ இருக்கும். கல்யாணப் புடவை, பழைய ரேஷன் கார்டு, குழந்தையின் முதல் கொலுசு... இப்போது பல வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எப்போதோ வாங்கி, ஓரிரு தடவை தேய்த்துவிட்டு, அப்புறம் தொடாமலே விட்ட கிரெடிட் கார்டு! "உபயோகித்தால்தானே செலவு? சும்மா கிடந்துட்டுப் போகட்டுமே" என்கிறோம். சகோதரிகளே, கொலுசு சும்மா கிடக்கும். கார்டு சும்மா கிடக்காது.

முதலில் வருடச் சந்தா. 500 ரூபாய் சந்தா என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 590 ரூபாய். நாம் ஒரு ரூபாய்க்குக் கூட சாமான் வாங்காவிட்டாலும் பில் வரும். பழைய போன் நம்பரை மாற்றியிருந்தால் தகவலே வராது. கட்டாத சந்தாவுக்கு அபராதம், வட்டி என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் 'பாக்கி வைத்தவர்' என்று நம் பெயர் பதிவாகும்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஒரு வருடத்துக்கு மேல் உபயோகிக்காத கார்டை வங்கி நமக்குத் தெரிவித்துவிட்டு மூடலாம். 30 நாளுக்குள் நாம் பதில் சொல்லாவிட்டால், பாக்கி ஏதும் இல்லாத கணக்கை மூடிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட நீட்டும் நேரத்தில் கார்டு செல்லாது என்றால் என்ன பாடுபடுவோம்!

அப்படியானால் உடனே மூடிவிடலாமா? அங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் நாத்தனார் வேலைக்குப் போன காலத்தில் தன் பெயரில் ஒரு கார்டு வாங்கினாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள்; கார்டையும் மறந்தாள். போன வருடம் சந்தா பில் வந்ததும், "அண்ணி, இதை வச்சுக்கறதா, தலை முழுகறதா?" என்று கேட்டாள். "உன் பேர்ல வேற ஏதாவது கடன் கணக்கு இருக்கா?" என்றேன். இல்லை. வீடு வாங்க, கணவனும் மனைவியும் சேர்ந்து கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தார்கள். அப்போது அவளுடைய கணக்கையும் வங்கி பார்க்கும். வருடக்கணக்கில் தவணை தவறாமல் கட்டினாள் என்று சொல்ல அவள் பெயரில் இருந்தது அந்த ஒரு கார்டுதான். அதை ஏன் அந்த நேரத்தில் மூட வேண்டும்? கார்டின் பின்னால் உள்ள நம்பருக்குப் பேசி, சந்தா இல்லாத கார்டாக மாற்றித் தரக் கேட்கச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது காஸ் சிலிண்டருக்கு மட்டும் அதில் கட்டுகிறாள். பில் வந்ததும் முழுத் தொகையையும் அடைத்துவிடுகிறாள்.

சிபில் ஸ்கோர் என்கிறார்களே, 300-லிருந்து 900 வரை போடும் அந்த மார்க்கில், கட்டிய ஒழுங்கு மட்டுமல்ல, வரம்பில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதும் சேரும். தலா 50,000 ரூபாய் வரம்புள்ள இரண்டு கார்டு உங்களிடம் இருக்கிறது, மாதம் 30,000 செலவு என்றால் அது 30 சதவீதம். ஒன்றை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகிவிடும். ஆகவே சீக்கிரம் கடன் வாங்கப் போகிறவர்கள், அது கைக்கு வரும்வரை மூடுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

அதற்காக எல்லாக் கார்டையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். சந்தாவைக் குறைக்க மறுக்கிறார்கள், வேறு நல்ல கார்டு இருக்கிறது, அல்லது கையில் கார்டு இருந்தாலே கடைக்குக் கால் போகிறது என்றால் தயங்காமல் மூடுங்கள். உங்களிடம் இருப்பது கணவர் கணக்கில் வாங்கிய 'ஆட்-ஆன்' கார்டா? அதில் ஆகும் செலவுக்குப் பொறுப்பு அவர்தான். அவர் தன் கணக்கை மூடினால் அதுவும் நின்றுவிடும்.

மூடுவதென்றால் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போடுவதல்ல. கார்டு போனாலும் கணக்கு உயிரோடுதான் இருக்கும். செய்ய வேண்டியது இது:

* சேர்ந்த பாயிண்டுகளை உபயோகித்துவிடுங்கள்.
* கரண்டு, போன் பில் ஏதாவது தானாகப் போகும்படி செய்திருந்தால் மாற்றிவிடுங்கள்.
* சில்லறை பாக்கி வரை அடைத்துவிடுங்கள்.
* போன், ஈ-மெயில், வங்கியின் ஆப் எதிலாவது மூடச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தபாலில்தான் எழுத வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தக் கூடாது.
* பாக்கி இல்லாவிட்டால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும்.
* ஒரு மாதம் கழித்து, வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கி, 'மூடப்பட்டது' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் யாராவது போன் செய்து, "கார்டை மூடித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் பீரோவை ஒரு தடவை துழாவிப் பாருங்களேன். கார்டு கிடைத்தால் அதற்குச் சந்தா உண்டா, எந்தப் போன் நம்பர் கொடுத்திருக்கிறோம் என்ற இரண்டை மட்டும் முதலில் விசாரியுங்கள். வைத்துக்கொள்வதா, மூடுவதா என்பது அப்புறம் தானே தெரிந்துவிடும்.