எடுத்த இடத்திலேயே விடுதல்: ஒரு விலங்கு வைத்தியசாலையில் கண்டது

அண்மையில் மெல்பேர்ணிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்கு அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். 1934 இல் திறக்கப்பட்ட இந்த மிருகக்காட்சிசாலை அவுஸ்திரேலியாவின் சொந்த விலங்குகளுக்கானது. பிள்ளைகள் கோலாவையும் பிளட்டிபஸையும் பார்க்க ஓடினார்கள். நான் அங்குள்ள வைத்தியசாலையின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

காட்சிக்காக வைத்த வைத்தியசாலை அல்ல அது. வெளியே காயப்படும் காட்டு விலங்குகளையும் அங்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாகனத்தில் அடிபட்டவை, நாயும் பூனையும் கடித்தவை, கால்களில் தங்கூசி இறுகியவை எனப் பலவும் வருகின்றன. அன்று மேசையில் கிடந்தது ஒரு ரிங்ரெயில் பொசம். மரத்தில் வாழும் சிறிய விலங்கு. பழமரத்துக்குப் போட்ட வலையில் சிக்கிப் பின்னங்கால் அறுபட்டிருந்தது. மயக்கம் கொடுத்து, காயத்தைக் கழுவித் தைத்தார்கள்.

விளக்கம் சொன்ன பெண், காயப்பட்ட விலங்கு வந்தால் கேட்கும் முதற் கேள்விகளைச் சொன்னார். எங்கே கிடைத்தது? எப்படிக் காயப்பட்டது? பிழைத்தால் எங்கே விடுவது? மூன்றாவது கேள்விக்கு முதலாவதுதான் பதில். எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். வீட்டுக் கூரைக்குள் புகுந்த பொசத்தைப் பிடித்தால்கூட 50 மீற்றருக்குள் விட வேண்டும் என்பது விக்டோரியாவின் விதி. வேறிடத்தில் விட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது.

இரண்டாவது கேள்வியும் வெறும் பதிவாக நின்றுவிடவில்லை. பிளட்டிபஸ்கள் மூழ்கி இறக்கக் காரணமான ஒருவகைக் கூண்டுவலை 2019 ஜூலையில் விக்டோரியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 செப்ரெம்பரிலிருந்து பழமர வலைகளின் கண்ணி 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்றும் சட்டம் வந்தது.

எங்களை மிருகங்களோடு ஒப்பிடுவதா என்று சிலர் கேட்கலாம். ஒப்பிடவில்லை. பிழைக்க வழியில்லாத விலங்கை அங்கே கருணைக்கொலை செய்கிறார்கள். மனிதருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆனால் அந்த மூன்று கேள்விகளும் எங்களிடம் ஒழுங்காகக் கேட்கப்பட்டனவா என்பதே என் மனதில் நின்றது.

2009 பெப்ரவரி 7 ஆம் திகதி 'கறுப்புச் சனி' எனப்படும் காட்டுத்தீ விக்டோரியாவை எரித்தது. 173 பேர் இறந்தனர். ஹீல்ஸ்வில்லின் அருகிவரும் விலங்குகளை மெல்பேர்ண் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்தன. 4 ஆம் திகதி நோயாளர்கள் அங்கிருந்து புதுமாத்தளன் நோக்கி வெளியேற்றப்பட்டனர். கறுப்புச் சனிக்கு அதே மாதத்தில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 2010 ஜூலையில் இறுதி அறிக்கையும் வெளியானது. புதுக்குடியிருப்பில் விழுந்த எறிகணைகளுக்கு எந்த நீதிமன்றமும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊர்ப் பெயர் சூட்டிய 'மாதிரிக் கிராமம்' ஒன்றில் இறக்கிவிடப்பட்டனர். சொந்தக் காணிகளில் இராணுவம் இருந்தது. 2017 மார்ச்சில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின் ஒரு பகுதி விடப்பட்டது, முழுவதும் அல்ல. மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று அரசு சொல்லும்போது, எந்த இடத்தில் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஹீல்ஸ்வில்லைப் புகழ்ந்துவிட்டு முடிப்பதும் நேர்மையாகாது. அந்தச் சரணாலயம் நிற்பது கொரண்டெர்க் நிலத்தில். 1863 இல் பழங்குடி மக்களுக்காக ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தில் வுருஞ்செரி மக்கள் பயிர்செய்து, தலைவர் வில்லியம் பரக்கின் வழிகாட்டலில் அதைக் காக்கப் போராடினார்கள். 1924 இல் அது மூடப்பட்டு, பெரும்பாலானோர் தூரத்து லேக் ரயர்ஸுக்கு அனுப்பப்பட்டனர். நிலத்தின் பெரும்பகுதி பின்னர் போரிலிருந்து திரும்பிய படையினரின் குடியேற்றத் திட்டத்துக்குப் போனது. 1999 இல் ஒரு சிறு பகுதி அவர்களிடம் திரும்பியது.

பொசத்துக்கு 50 மீற்றர் கணக்குப் பார்க்கும் நாடு, மனிதருக்கு அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. காடும் விலங்கும் காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. 2015 இல் சுண்டிக்குளம் தேசிய பூங்காவானது போன்ற அறிவிப்புகள் வடக்கில் தொடரும்போது, எல்லைக்கல் நடுவதற்கு முன் அது யாருடைய காணி, யாருடைய கரை என்று கேட்பதும் இயற்கைப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

நாங்கள் புறப்படும்போது பொசம் கண்விழித்திருந்தது. எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று அக்காவின் மகள் கேட்டாள். பிடித்த மரத்தடிக்கே என்றார் அந்தப் பெண். வேறு பதில் இருக்கக்கூடும் என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.